பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வீட்டுக்கு ஒரு பேக்கப் சர்வர்: வாங்குறதுல இருந்து ரீஸ்டோர் டெஸ்ட் வரைக்கும்

எனக்கும் சொந்தக்காரங்க, நண்பர்களுக்குமா சேர்த்து ஆறு வீட்ல இத செட் பண்ணி குடுத்திருக்கேன், அதுல மூணு வீட்ல அவங்களையே பண்ண சொல்லிட்டு பக்கத்துல உக்காந்து பாத்தேன். தடுமாறுன இடங்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணேதான். எல்லாமே வரிசை மாத்தி பண்ணதால வந்த பிரச்சனை. அதனால கீழ இருக்குற வரிசையை மாத்தாதீங்க.

முடிச்சப்புறம் கையில என்ன இருக்கும்னா, ஒரு பழைய டெஸ்க்டாப், அதுல ரெண்டு ஹார்டு டிஸ்க். ஃபோன் போட்டோ தானா வந்து சேரும், லேப்டாப் ஃபைல் வரும், டிவில வீடியோ ஓடும், ராத்திரி இது மொத்தமும் ரெண்டாவது டிஸ்குக்கு தேதி வாரியா போகும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. ஸ்டெப் 11 முடியுற வரைக்கும் ஃபோன்லயோ லேப்டாப்லயோ ஒரு ஃபைல் கூட டெலீட் பண்ணாதீங்க. ஒரு வீட்ல காப்பி முடிஞ்ச அன்னைக்கே "அதான் சர்வர்ல இருக்கே"ன்னு ஃபோன்ல இருந்த குழந்தை போட்டோ எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க, மறுநாள் ரெண்டாவது டிஸ்கை ஃபார்மட் பண்றேன்னு முதல் டிஸ்கை தேர்ந்தெடுத்துட்டாங்க. கடைசில வாட்ஸப்ல யாரு யாருக்கோ அனுப்பி வச்சிருந்த சின்ன சைஸ் படங்கள் மட்டும்தான் திரும்ப கிடைச்சுது. அந்த வீட்ட விட்டு வெளில வந்தப்ப மனசுல பாரமா இருந்துச்சு, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

## 1. எவ்ளோ இடம் வேணும்னு கணக்கு போடுங்க

வீட்ல இருக்குற எல்லா ஃபோன், லேப்டாப், பழைய பென்டிரைவ், எக்ஸ்டர்னல் டிஸ்க் எல்லாத்துலயும் எவ்ளோ ஜிபி இருக்குன்னு ஒரு தாள்ல எழுதுங்க. மொத்தத்தை ரெண்டால பெருக்குங்க. நாலஞ்சு வருஷத்துக்கு அது தாங்கும். நான் பாத்த வீடுகள்ல 1 டிபி தாண்டினது கொஞ்சம்தான், அதனால 4 டிபி டிஸ்க் ரெண்டு வாங்கினா நிம்மதியா இருக்கலாம்.

ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும், இல்ல பேக்கப் டிஸ்க் பெருசா இருக்கணும். பேக்கப் டிஸ்க்ல பழைய தேதி காப்பிகளும் சேந்து நிக்கும், சின்னதா வாங்கினா ஆறு மாசத்துல நிறைஞ்சுடும்.

4 டிபி டிஸ்க் மாட்டினதும் 3.6ன்னு காட்டும். கடைக்காரர் ஏமாத்தல. கம்பெனிக்காரங்க 1000 ஆல எண்றாங்க, கம்ப்யூட்டர் 1024 ஆல எண்ணுது, அவ்ளோதான்.

## 2. கம்ப்யூட்டர்

ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட டெல் ஆப்டிபிளக்ஸ், ஹெச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் மாதிரி மெஷின்தான் வேணும். சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல சுத்தினா கிடைக்கும், மத்த ஊர்லயும் ரீஃபர்பிஷ்டு விக்கிற கடை இருக்கு. இதுங்க நாள் முழுக்க ஓடுறதுக்குன்னே செஞ்சது, சும்மா இருக்குறப்ப கரண்டும் கம்மியாத்தான் இழுக்கும்.

பிராசஸர் இன்டெல் ஏழாவது ஜெனரேஷன் ஐ3, ஐ5ல இருந்து மேல பாருங்க. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் விலைல பெரிய வித்தியாசம் இருக்காது, ஆனா இப்ப வர்ற நிறைய வீடியோ 10 பிட் ஹெச்இவிசிங்குற சுருக்குற முறைல இருக்கு, அத சிப்புலயே முழுசா டீகோட் பண்றது ஏழாவதுல இருந்துதான். ஆறாவதுல வாங்கிட்டா டிவில படம் ஓடுறப்ப சிபியு மூச்சு வாங்கும். டிவில பாக்குற எண்ணமே இல்ல, பேக்கப் மட்டும்தான்னா ஆறாவதே தாராளம். ராம் 8 ஜிபி.

அடுத்தது கேபினட். இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. உள்ளங்கை சைஸ்ல இருக்குற மினி மாடல் பாக்க அழகா இருக்கும், ஆனா 3.5 இன்ச் டிஸ்க் ஒண்ணு கூட உள்ள போகாது. ஒல்லியா இருக்குற எஸ்எஃப்எஃப் மாடல் பலதுல ஒரு டிஸ்குக்குத்தான் இடம். டவர் மாடல் கேளுங்க. கடையிலயே மூடிய திறக்க சொல்லி மூணு விஷயம் எண்ணுங்க: 3.5 இன்ச் டிஸ்க் வைக்கிற இடம் ரெண்டு இருக்கா, மதர்போர்டுல டிஸ்க் கேபிள் மாட்டுற சாட்டா போர்ட் குறைஞ்சது மூணு இருக்கா (ஓஎஸ்க்கு, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு, சின்ன அட்டை மாதிரி எஸ்எஸ்டி செருகுற எம்.2 ஸ்லாட் தனியா இருந்தா ரெண்டு போதும்), டிஸ்குக்கு கரண்ட் குடுக்குற சாட்டா பவர் வயர் எத்தனை இருக்கு.

பவர் வயர்தான் முக்கியம். இந்த ஆபீஸ் மெஷின்கள் பலதுல பவர் சப்ளைல இருந்து நேரா டிஸ்குக்கு வயர் வராது, மதர்போர்டுல இருந்து ஒரு தனி மாதிரி கனெக்டர்ல வரும், கடைல கிடைக்கிற சாதாரண எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டவும் முடியாது. வயர் இல்லாம வீட்டுக்கு கொண்டு வந்துட்டு அந்த மாடலுக்கான வயர தேடி ரெண்டு வாரம் அலைஞ்சவர எனக்கு தெரியும். வாங்குறப்பவே கேட்டு வாங்கிடுங்க.

பழைய லேப்டாப் சும்மா கிடக்குதே, அதுல பண்ணலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. பண்ணலாம்தான், ஆனா டிஸ்க் எல்லாம் யூஎஸ்பில தொங்கும், திடீர்னு ஒரு நாள் துண்டாகும், நீங்க கவனிக்கவே மாட்டீங்க. மாசக்கணக்குல சார்ஜ்லயே கிடந்தா பேட்டரியும் உப்பும். நான் வேணாம்னுதான் சொல்வேன்.

## 3. டிஸ்க்

மொத்த செலவுல பெரும்பகுதி இங்கதான் போகும், போகட்டும். கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டா இருக்கலாம், டிஸ்க் இருக்கக்கூடாது.

டிஸ்க்ல எழுதுற விதத்துல சிஎம்ஆர், எஸ்எம்ஆர்னு ரெண்டு வகை இருக்கு, நமக்கு வேண்டியது சிஎம்ஆர். எஸ்எம்ஆர்ல டிராக் எல்லாம் ஓடு வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஒரு இடத்துல திருத்தி எழுதணும்னா பக்கத்துல இருக்குறதையும் சேர்த்து எழுதணும், அதனால நூறு இருநூறு ஜிபி ஒரே மூச்சுல எழுதுறப்ப வேகம் பாதாளத்துக்கு போயிடும். சீகேட் ஐயன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ் ரெண்டும் சிஎம்ஆர். டபிள்யூடில பிளஸ் இல்லாத வெறும் ரெட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுல 2 டிபில இருந்து 6 டிபி வரைக்கும் எஸ்எம்ஆர், 2020ல அதுக்கு பெரிய சண்டையே நடந்துச்சு. பில் போடுறப்ப "பிளஸ்" இருக்கான்னு பாருங்க.

டிஸ்க் வந்ததும் சீரியல் நம்பர கம்பெனி தளத்துல போட்டு வாரண்டி இருக்கான்னு பாருங்க. 2025 ஆரம்பத்துல டேட்டா சென்டர்ல வருஷக்கணக்கா ஓடின டிஸ்கோட ஓட்டக் கணக்கை அழிச்சுட்டு புதுசுன்னு வித்தது ஜெர்மனில வெளிய வந்துச்சு, அதனால சீல் இருக்குன்னு மட்டும் நம்பாதீங்க. வாரண்டி ஏற்கனவே பாதி ஓடியிருந்தா உடனே திருப்பி அனுப்புங்க, ஆன்லைன்ல ரிட்டர்ன் டைம் ஒரு வாரம் பத்து நாள்தான் இருக்கும்.

சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்த பேப்பர் டேப்ல பெருசா எழுதி டிஸ்க் ஓரத்துல ஒட்டுங்க. ஒண்ணுல "மெயின்", இன்னொண்ணுல "பேக்கப்"னு சேர்த்து எழுதுங்க. மேல சொன்ன அந்த வீட்ல இத செஞ்சிருந்தா போட்டோ போயிருக்காது.

ஓஎஸ்க்குன்னு தனியா ஒரு 128 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிக்கோங்க. 512 எல்லாம் வேணாம். பென்டிரைவ்ல ஓஎஸ் போட்டு ஓட்டுறது காசு மிச்சம் மாதிரி தெரியும், ஆனா ஓயாம லாக் எழுதி எழுதி பென்டிரைவ் சீக்கிரம் செத்துடும்.

## 4. கரண்ட், வைக்கிற இடம்

ரெண்டு டிஸ்கோட சேர்த்து சும்மா இருக்குறப்ப 30 வாட்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு 0.72 யூனிட், ரெண்டு மாச ஈபி பில்லுல 43 யூனிட். உங்க வீடு ஏற்கனவே 500 யூனிட் எல்லைக்கு பக்கத்துல இருந்தா இந்த 43 உங்கள அடுத்த ஸ்லாபுக்கு தள்ளிடும், பழைய பில்ல எடுத்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கரண்ட் பட்டுனு போறது டிஸ்குக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கும் ஆகாது. வீட்ல இன்வர்ட்டர் இருந்தா பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதுல வைங்க. ஈகோ மோடுல இருந்தா மாறுற நேரத்துல கம்ப்யூட்டர் அணைஞ்சு எரியும், ஃபேன் சுத்திக்கிட்டே இருக்குறதால உங்களுக்கு தெரியவே தெரியாது. இன்வர்ட்டர் இல்லன்னா 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு. வாங்குறப்ப யூஎஸ்பி போர்ட் இருக்குற மாடலா பாருங்க. அந்த கேபிள் இருந்தாத்தான் பேட்டரி தீரப்போகுதுன்னு சர்வருக்கு தெரியும், தானா ஷட்டவுன் ஆகும். விலை கம்மியா இருக்குற மாடல் நிறைய அது இல்லாமத்தான் வருது.

ரவுட்டர் பக்கத்துல, காத்து வர்ற இடத்துல வைங்க. பரண் வேணாம், மூடுன ஷோகேஸ் வேணாம். மே மாசத்துல மேல் தளத்து வீட்ல பரண் என்ன சூடு இருக்கும்னு சொல்லவே வேணாம். கேபினட்ல பின்னாடி கார்டு போடுற ஓட்டை திறந்து கிடந்தா ஒரு தகடு வச்சு மூடிடுங்க, பல்லி உள்ள போயி பவர் சப்ளைல மாட்டி போர்டையே எரிச்சத பாத்திருக்கேன்.

## 5. பயாஸ்ல நாலு மாத்தம்

மானிட்டர், கீபோர்டு இந்த ஸ்டெப்புக்கும் அடுத்ததுக்கும் மட்டும்தான் தேவை, பக்கத்து வீட்ல இரவல் வாங்கினா கூட போதும். டெல்லுக்கு எஃப்2, ஹெச்பிக்கு எஃப்10, லெனோவோக்கு எஃப்1, ஆன் ஆகுறப்பவே அழுத்தி பயாஸுக்குள்ள (ஓஎஸ்க்கு முன்னாடி வர்ற செட்டிங் பக்கம்) போங்க.

சாட்டா மோடு ஏஹெச்சிஐல இருக்கணும். டெல் மெஷின்கள் பலது ரெய்டு ஆன்னு வச்சே வரும், அப்படியே விட்டா இன்ஸ்டாலருக்கு எம்.2 எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது, "எஸ்எஸ்டி செத்துடுச்சு போல"ன்னு மாத்த போயிடுவாங்க.

கரண்ட் போயிட்டு வந்தா தானா ஆன் ஆகுற செட்டிங், ஏசி ரெக்கவரின்னோ ஆஃப்டர் பவர் லாஸ்னோ பேர் இருக்கும், அத பவர் ஆன்னு வைங்க. இல்லன்னா நீங்க ஊருக்கு போயிருக்குறப்ப ஒரு தடவ கரண்ட் போனா அதோட சரி.

செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுங்க. தேதி, நேரம் சரியா இருக்கான்னு பாருங்க, பழைய மெஷின்ல அந்த காயின் பேட்டரி தீந்து போயி 2016ன்னு காட்டும். 2032ன்னு கேட்டு புதுசு ஒண்ணு வாங்கி போட்டுடுங்க, பேட்டரி செத்திருந்தா நீங்க மாத்துன பயாஸ் செட்டிங்கும் ஒரு நாள் பழையபடி திரும்பிடும்.

## 6. ஓபன்மீடியாவால்ட் போடுறது, டேட்டா டிஸ்கை கழட்டிட்டு

நான் ஓபன்மீடியாவால்ட்தான் போடுறேன், சுருக்கமா ஓஎம்வி. வீட்டு சர்வருக்குன்னே இருக்குற ஓஎஸ், டெபியன் லினக்ஸ் மேல ஓடுறது, 8 ஜிபி ராம்ல சுகமா இருக்கும், எல்லாம் பிரவுசர்லயே பண்ணலாம்.

ரெண்டு பெரிய டிஸ்கோட சாட்டா கேபிளயும் இப்போதைக்கு கழட்டி வைங்க. இன்ஸ்டாலர் தான் தேர்ந்தெடுத்த டிஸ்கை முழுசா எடுத்துக்கும், எஸ்எஸ்டி மட்டும் மாட்டி இருந்தா தப்பா தேர்ந்தெடுக்கவே வழி இல்ல.

ஓஎம்வியோட ஐஎஸ்ஓவ (இன்ஸ்டால் ஃபைல்) டவுன்லோடு பண்ணி, ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு பென்டிரைவ்ல எழுதுங்க. ரவுட்டர்ல இருந்து லேன் கேபிள் மாட்டிட்டுத்தான் இன்ஸ்டால் ஆரம்பிக்கணும், வைஃபைய நம்பாதீங்க. நடுவுல ரூட் (லினக்ஸ்ல முழு அதிகாரம் இருக்குற யூசர்) பாஸ்வேர்டு கேக்கும், அத தாள்ல எழுதுங்க. டைம் ஜோன் கொல்கத்தா.

முடிஞ்சு ரீபூட் ஆனதும் கருப்பு ஸ்கிரீன்ல ஐபி அட்ரஸ் காட்டும். அத லேப்டாப் பிரவுசர்ல அடிச்சா லாகின் வரும். யூசர் பேர் அட்மின், பாஸ்வேர்டு ஓபன்மீடியாவால்ட், ரெண்டும் இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல. இன்ஸ்டால்ல நீங்க குடுத்த ரூட் பாஸ்வேர்டு வேற, இது வேற. இங்க குழம்பி ரெண்டாவது தடவ இன்ஸ்டால் பண்ணவங்க உண்டு.

## 7. ஐபி, பாஸ்வேர்டு, மெயில்

முதல் வேலை அட்மின் பாஸ்வேர்ட மாத்துறது. ரெண்டாவது, ரவுட்டருக்குள்ள போயி இந்த மெஷினோட மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) ஒரு ஐபிய ரிசர்வ் பண்றது, உதாரணத்துக்கு 192.168.1.50. இது பண்ணலன்னா ஒரு நாள் ரவுட்டர் ஆஃப் ஆகி ஆன் ஆனதும் ஐபி மாறிடும், வீட்ல எல்லாரும் "சர்வர் வேலை செய்யல"ன்னு உங்கள கூப்பிடுவாங்க.

ஓஎம்வில எந்த மாத்தம் பண்ணாலும் சேவ் குடுத்தா மட்டும் போதாது. மேல மஞ்சளா ஒரு பட்டை வரும், அதுல டிக் அழுத்தினாத்தான் நடைமுறைக்கு வரும். புதுசா வர்றவங்க பாதி பேர் "நான்தான் போட்டேனே, ஏன் வரல"ன்னு கேக்குறது இதுக்குத்தான். அஞ்சு நிமிஷம் கை வைக்கலன்னா லாக்அவுட்டும் ஆயிடும், வொர்க்பெஞ்ச் செட்டிங்ல அத ஒரு மணி நேரம்னு வச்சுக்கோங்க.

நோட்டிஃபிகேஷன்ல மெயில் செட் பண்ணுங்க. ஜிமெயில்னா சாதாரண பாஸ்வேர்டு எடுக்காது, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணிட்டு ஆப் பாஸ்வேர்டுன்னு தனியா ஒண்ணு எடுக்கணும். போர்ட் 587. டெஸ்ட் மெயில் வந்து சேர்ந்தாத்தான் அடுத்த ஸ்டெப்புக்கு போங்க, டிஸ்க் சாகப்போறத உங்களுக்கு சொல்லப்போறது இந்த மெயில் மட்டும்தான்.

## 8. டிஸ்கை ஒவ்வொண்ணா மாட்டி சோதிக்கிறது

ஷட்டவுன் பண்ணிட்டு "மெயின்" டிஸ்கை மட்டும் மாட்டுங்க. ஸ்டோரேஜ் மெனுல டிஸ்க்ஸ்ல சீரியல் நம்பர் வரும், டேப்ல எழுதினதோட ஒத்து பாருங்க. அப்புறம் டிஸ்கோட உடல்நிலைய சொல்ற ஸ்மார்ட்டுக்கு போயி மானிட்டரிங்க ஆன் பண்ணிட்டு எக்ஸ்டெண்டெட் டெஸ்ட் ஓட விடுங்க. 4 டிபிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டுட்டு தூங்குங்க.

காலைல ரிசல்ட்ல 5, 197, 198 இந்த மூணு நம்பர்லயும் ரா வேல்யூ பூஜ்யமா இருக்கணும். 5ன்னா கெட்டுப்போன இடத்தை ஒதுக்கிட்டு மாத்து இடம் குடுத்தாச்சுன்னு அர்த்தம், 197ன்னா படிக்க முடியாம திணறுற இடம். புது டிஸ்க்ல இதுல ஒண்ணு இருந்தா கூட திருப்பி குடுங்க. 199ல எண் ஏறினா டிஸ்க் மேல பழி போடாதீங்க, சாட்டா கேபிள் லூசா இருக்கும், கேபிள மாத்துங்க.

சரியா இருந்தா ஃபைல் சிஸ்டம்ஸ்ல கிரியேட் குடுத்து எக்ஸ்ட்4னு லினக்ஸோட ஃபைல் சிஸ்டம் போட்டு மவுண்ட் பண்ணுங்க. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் எல்லாம் நல்லதுதான், ஆனா ஏதாவது ஆச்சுன்னா எந்த லினக்ஸ் மெஷின்ல மாட்டினாலும் எக்ஸ்ட்4 அப்படியே திறக்கும், முதல் தடவைக்கு அதுதான் தைரியம். "பேக்கப்" டிஸ்குக்கும் மறுநாள் இதே வேலை.

கிரியேட்டுக்கும் மவுண்ட்டுக்கும் வித்தியாசத்தை நல்லா மனசுல வைங்க. கிரியேட்னா டிஸ்க் காலி ஆகும், மவுண்ட்னா இருக்குறத அப்படியே திறக்கும். பின்னாடி எப்பவாவது ஓஎஸ் எஸ்எஸ்டி செத்து ஓஎம்விய மறுபடி போட வேண்டி வந்தா, டேட்டா டிஸ்குக்கு மவுண்ட் மட்டும்தான், கிரியேட் பக்கமே போகக்கூடாது.

பல டிஸ்கை ஒண்ணா சேர்த்து ஓட்டுற ரெய்டு பத்தியும் இங்கயே சொல்லிடறேன். ரெண்டு டிஸ்க் இருக்கே, ஒண்ணுல எழுதுறது அப்பவே இன்னொண்ணுலயும் எழுதுற மாதிரி மிரர் பண்ணிடலாம்னு கை பரபரக்கும். மிரர்ல ஒரு டிஸ்க் செத்தா வீடு ஓடும், உண்மை. ஆனா நீங்க தப்பா ஒரு ஃபோல்டர அழிச்சா அந்த நொடியே ரெண்டுலயும் போயிடும், ஃபைல பூட்டிட்டு காசு கேக்குற ரான்சம்வேர் வந்தா ரெண்டும் பூட்டிக்கும். வீட்ல டிஸ்க் செத்து ஃபைல் போனத விட கை தவறி அழிஞ்சு போனதைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன். அதனால ரெண்டாவது டிஸ்க் தனியா நிக்கட்டும்.

## 9. ஃபோல்டர், யூசர், ஷேர்: இதே வரிசைல

முதல்ல ஷேர்டு ஃபோல்டர்ஸ்ல மெயின் டிஸ்க்ல மூணு ஃபோல்டர் போடுங்க: ஃபோட்டோஸ், டாக்குமெண்ட்ஸ், மீடியா. பேர இங்கிலீஷ்ல, இடைவெளி இல்லாம வைங்க, பின்னாடி டாக்கர்ல (ஆப்களை தனித்தனி பெட்டியா ஓட்டுற சாஃப்ட்வேர்) பாத் எழுதுறப்ப இடைவெளி தொல்லை குடுக்கும்.

அடுத்து யூசர்ஸ்ல வீட்ல இருக்குற ஆளுக்கு ஒரு யூசர். அப்புறம் ஃபோல்டர தேர்ந்தெடுத்து பெர்மிஷன்ஸ்ல யாருக்கு எழுத அனுமதி, யாருக்கு படிக்க மட்டும்னு டிக் பண்ணுங்க. பக்கத்துலயே ஏசிஎல்னு இன்னொரு பட்டன் இருக்கும், அத தொடாதீங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா ஏசிஎல்ல தப்பா வச்சா எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும்.

கடைசியா நெட்வொர்க்ல ஃபோல்டர பகிர்ற எஸ்எம்பி சர்வீஸ ஆன் பண்ணி ஷேர் சேருங்க. ஷேர் போடுறப்ப ரீசைக்கிள் பின் ஆப்ஷன ஆன் பண்ணுங்க, நெட்வொர்க் வழியா அழிக்கிறது விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்கு போகாது.

லேப்டாப்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு ஐபி அடிங்க. பாஸ்வேர்டு கேட்டா நீங்க இப்ப போட்ட யூசர குடுங்க. அட்மின் குடுத்தா உள்ள விடாது, அது வெப் பக்கத்துக்கு மட்டும். பாஸ்வேர்டே இல்லாம பப்ளிக் ஷேர் வைக்கலாம்னு சில பேர் நினைப்பாங்க, புது விண்டோஸ் 11 அந்த கெஸ்ட் வழிய தானாவே மறுத்துடும், மறுக்குறதும் நல்லதுக்குத்தான். தப்பான பாஸ்வேர்ட ஒரு தடவ சேவ் பண்ணிட்டா விண்டோஸ் அதையே திரும்ப திரும்ப அனுப்பும், கிரெடென்ஷியல் மேனேஜர்ல போயி அழிச்சுட்டு மறுபடி முயற்சி பண்ணுங்க.

## 10. முதல் காப்பி

கேபிள்ல பண்ணுங்க. ஜிகாபிட் லேன்ல நொடிக்கு 110 எம்பி கிட்ட வரும், 500 ஜிபி ஒண்ணேகால் மணி நேரம். 11 எம்பிலயே நின்னுச்சுன்னா எங்கயோ 100 எம்பிபிஎஸ்ல மாட்டியிருக்குன்னு அர்த்தம், அதே 500 ஜிபிக்கு பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒண்ணு ரவுட்டர் போர்ட் 100 ஆ இருக்கும், இல்ல கேபிள்ல எட்டு வயர்ல ஒண்ணு விட்டுப்போயிருக்கும். முதல்ல கேபிள மாத்தி பாருங்க.

பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க், பென்டிரைவ் எல்லாத்தையும் ஒழுங்குபடுத்திட்டு காப்பி பண்ணலாம்னு உக்காராதீங்க. அது முடியவே முடியாது. "பழைய_டிஸ்க்_1"னு ஃபோல்டர் போட்டு இருக்குறபடி கொட்டிடுங்க. முதல்ல பத்திரம், அப்புறம்தான் அடுக்குறது.

காப்பி முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபோல்டர் பிராப்பர்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ஒத்த ஃபைல்ல எரர் வந்து "ஸ்கிப்" அழுத்தினத எல்லாரும் மறந்துடுவாங்க.

## 11. பேக்கப்பும் ரீஸ்டோர் டெஸ்ட்டும்

முதல்ல ஓஎம்வி எக்ஸ்ட்ராஸ் (கூடுதல் பிளகின் தர்றது) போடுங்க, அவங்க தளத்துல ஒரு வரி கமாண்ட் இருக்கும், லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்ஹெச்ல (தூரத்துல இருந்து கமாண்ட் அடிக்கிற வழி) ரூட்டா உள்ள போயி ஒட்டினா போதும். அதுக்கப்புறம் பிளகின் லிஸ்ட்ல போர்க்பேக்கப் எடுத்துக்கோங்க. ஃபோல்டர அப்படியே காப்பி பண்ற ஆர்சிங்க் ஜாப் சும்மா போட்டாலும் காப்பி போகும், ஆனா அது நேத்தைய நிலமைய மட்டும்தான் வச்சிருக்கும். டெலீட் ஆப்ஷன் ஆன்ல இருந்தா நீங்க அழிச்சத அங்கயும் அழிச்சுடும், ஆஃப்ல இருந்தா நீங்க இடம் மாத்தின ஃபைல் எல்லாம் ரெண்டு மூணா குவியும். போர்க் தேதி வாரியா வச்சுக்கும், மாறாத பகுதிய மறுபடி எழுதாது, அதனால இடமும் அதிகம் தின்னாது.

ரெப்போவ (போர்க் காப்பிகள் சேருற ஃபோல்டர்) பேக்கப் டிஸ்க்ல போடுங்க. தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 6 காப்பி வைக்க சொல்லுங்க. நேரம் ராத்திரி 3.30, அந்த நேரம் ஏன்னு அடுத்த ஸ்டெப்ல வரும். பாஸ்பிரேஸ் (பேக்கப்ப பூட்டுற பாஸ்வேர்டு) போட்டீங்கன்னா அத தாள்ல எழுதி பீரோல வைங்க. அந்த பாஸ்பிரேஸ் சர்வர்ல மட்டும் இருந்து சர்வரே போயிட்டா பேக்கப்ப யாராலயும் திறக்க முடியாது.

மறுநாள் டெஸ்ட். வேற வேற வருஷத்துல இருந்து ஒரு இருபது போட்டோ, ரெண்டு பெரிய வீடியோ, சில பிடிஎஃப் பேக்கப்ல இருந்து புதுசா ஒரு ஃபோல்டருக்கு ரீஸ்டோர் பண்ணி ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. வீடியோவ கடைசி நிமிஷம் வரைக்கும் ஓட்டி பாருங்க. "ஜாப் சக்சஸ்"னு பச்சையா வந்தத நம்பி விட்டுடாதீங்க, ஒரு வீட்ல மூணு மாசமா காலி ஃபோல்டர பேக்கப் எடுத்துக்கிட்டு பச்சையா காட்டிட்டு இருந்துச்சு, பாத் ஒரு எழுத்து தப்பு.

அப்புறம் ஷட்டவுன் பண்ணி மெயின் டிஸ்க் கேபிள கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. பேக்கப் டிஸ்க் மட்டும் வச்சு ஃபைல் எடுக்க முடியுதா? முடியுதுன்னா திரும்ப மாட்டிடுங்க. இப்படி பேக்கப் வரைக்கும் வந்து சேர்ந்தத ஃபோன்ல அழிச்சு இடம் காலி பண்றது இனிமே உங்க விருப்பம்.

## 12. ஃபோன் போட்டோ

இம்மிச்னு ஒரு ஆப், கூகுள் போட்டோஸ் மாதிரியே இருக்கும். டாக்கர்ல ஓடும், ஓஎம்வி எக்ஸ்ட்ராஸோட கம்போஸ் பிளகின்ல இம்மிச்காரங்க தர்ற கம்போஸ் ஃபைல (எத எப்படி ஓட்டணும்னு சொல்ற யாம்ல் ஃபைல்) ஒட்டினா போதும். ஒட்டுறப்ப வரி முன்னாடி இருக்குற இடைவெளி ஒண்ணு கூட மாறக்கூடாது, டேப் போடக்கூடாது, யாம்ல்ல வர்ற பாதி எரர் இதுதான்.

டேட்டாபேஸ எஸ்எஸ்டில வைங்க, போட்டோவ மெயின் டிஸ்க்ல வைங்க. டேட்டாபேஸ் அடிக்கடி குட்டி குட்டியா எழுதும், ஹார்டு டிஸ்க்ல வச்சா ஸ்க்ரோல் பண்றப்ப இழுக்கும். இம்மிச் தன் டேட்டாபேஸோட ஒரு காப்பிய டிஃபால்ட்டா ராத்திரி 2 மணிக்கு போட்டோ இருக்குற இடத்துலயே பேக்கப்ஸ் ஃபோல்டர்ல எடுத்து வைக்கும். போர்க்க 3.30க்கு வச்சது அதனாலதான். அந்த காப்பி எழுதி முடிச்சப்புறம் போர்க் வந்து அள்ளிட்டு போகும். இந்த ரெண்டும் சேர்ந்து பேக்கப்ல இல்லன்னா படம் இருக்கும், ஆல்பமும் முகத்துக்கு வச்ச பேரும் போயிடும்.

முதல் தடவ ஆயிரக்கணக்குல போட்டோ போறப்ப ஃபோன சார்ஜ்ல போட்டு ஆப்ப திறந்தே வைங்க. ஐஃபோன்ல ஆப்ப மூடினா பேக்கிரவுண்ட்ல ரொம்ப கொஞ்சமாத்தான் போகும், ஆண்ட்ராய்டுல பேட்டரி ஆப்டிமைசேஷன்ல இருந்து இந்த ஆப்ப விலக்கணும். எந்த ஆல்பம் போகணும்னு கேக்கும், கேமராவோட வாட்ஸப் இமேஜஸும் சேர்க்கலாம், ஆனா சேர்த்தா குட்மார்னிங் படம் அத்தனையும் வரும். என் வீட்ல சேர்க்கல.

## 13. டிவில பாக்க

சர்வர்ல இருக்குற வீடியோவ டிவில காட்டுற ஜெல்லிஃபின் போடுங்க, முழுக்க இலவசம், போர்ட் 8096. கம்போஸ் ஃபைல்ல ரெண்டு இடம் கவனிக்கணும். யூசர் எண், குரூப் எண் கேக்குற இடத்துல 1000, 100 (ஓஎம்வில நீங்க முதல்ல போட்ட யூசர் 1000, யூசர்ஸ் குரூப் 100), இது தப்பினா லைப்ரரி காலியா இருக்கும். இன்னொண்ணு கிராஃபிக்ஸ் டிவைஸ கன்டெய்னருக்குள்ள (டாக்கர் பெட்டி) விடுற வரி, அது இல்லன்னா வீடியோ வேலைய இன்டெல் சிப்புலயே பண்ற குவிக் சிங்க் ஆன் பண்ணாலும் ஓடாது.

படம்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபோல்டர், பேர் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள வருஷம். தமிழ்ல ஒரே பேர்ல ரெண்டு மூணு படம் இருக்கும், வருஷம் இல்லன்னா போஸ்டர் மாறி வரும்.

கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ இதெல்லாம் மூவீஸ் லைப்ரரில போடாதீங்க, ஹோம் வீடியோஸ்னு தனி வகை இருக்கு. மூவீஸ்ல போட்டா உங்க அக்கா கல்யாணத்துக்கு ஏதோ ஒரு வெளிநாட்டு படத்தோட போஸ்டர மாட்டி வைக்கும். பழைய டிவிடிகள் வீட்ல இருந்தா இப்பவே காப்பி எடுத்துடுங்க, நம்ம ஊர் ஈரத்துல, சூட்டுல எழுதின டிவிடி ரொம்ப வருஷம் நிக்காது.

## 14. வெளில இருந்து திறக்க

ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு (வெளில இருந்து நேரா சர்வருக்கு வழி திறக்குறது) பண்ணாதீங்க. குறிப்பா எஸ்எம்பியோட 445ஆம் போர்ட். 2017 மே மாசம் வானாக்ரை ரான்சம்வேர் பரவினது எஸ்எம்பி ஓட்டை வழியாத்தான், 2022 ஜனவரில டெட்போல்ட்னு இன்னொரு ரான்சம்வேர் வந்தப்ப இன்டர்நெட்டுக்கு திறந்து வச்சிருந்த க்யூநாப் கம்பெனி நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ்) பெட்டிகள் பூட்டிக்கிச்சு. வீட்டு பிராட்பேண்ட் நிறையது சிஜிநாட் (பல வீட்டுக்கு ஒரே வெளி ஐபி) பின்னாடி இருக்குறதால போர்ட் ஃபார்வர்டு பண்ணாலும் பல பேருக்கு வேலை செய்யாது.

உங்க மெஷின்களை மட்டும் இன்டர்நெட் வழியா பத்திரமா இணைக்கிற டெயில்ஸ்கேல் போடுங்க. சர்வர்லயும் ஃபோன்லயும் ஒரே அக்கவுண்ட்ல லாகின் பண்ணா போதும், வீட்டு உபயோகத்துக்கு இலவச பிளானே தாங்கும். சர்வருக்கு மட்டும் கீ எக்ஸ்பைரிய ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா சில மாசம் கழிச்சு நீங்க வெளியூர்ல இருக்குறப்ப சர்வர் லாகின் கேட்டுட்டு நிக்கும்.

## 15. மூணாவது காப்பி ஊர்ல

ரெண்டு டிஸ்கும் ஒரே பெட்டில இருக்கு. மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தாலும், திருட்டு போனாலும் ரெண்டும் சேர்ந்தே போகும். 2015 டிசம்பர்ல சென்னைல தரைத்தள வீட்ல இருந்தவங்களுக்கு இத விளக்க வேண்டியதில்ல.

அதனால ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, லேப்டாப்ல செருகி, ஷேர்ல இருந்து போட்டோஸையும் டாக்குமெண்ட்ஸையும் சாதாரண ஃபைலாவே காப்பி பண்ணுங்க. மீடியா வேணாம், இடத்த அடைக்கும். இங்க போர்க், எக்ஸ்ட்4 எதுவும் வேணாம். உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா வீட்ல இருக்குறவங்க எந்த கம்ப்யூட்டர்ல செருகினாலும் திறக்கணும்.

அத அம்மா வீட்லயோ தம்பி வீட்லயோ குடுத்து வைங்க. நான் ரெண்டு டிஸ்க் வச்சு மாத்திக்கிறேன், பொங்கலுக்கு ஊருக்கு போறப்ப புதுச குடுத்துட்டு பழச வாங்கிட்டு வருவேன், அப்புறம் ஆடி, தீபாவளி. டிஸ்க் கூட ஒரு கவர்ல தாள் ஒண்ணு: சர்வர் எங்க இருக்கு, அட்மின் பாஸ்வேர்டு, போர்க் பாஸ்பிரேஸ், எந்த டேப் எந்த டிஸ்க். வாங்கிட்டு வந்த பழைய டிஸ்க்ல எழுதுறதுக்கு முன்னாடி அதுல ஒரு பத்து போட்டோ திறக்குதான்னு பாத்துட்டு, அப்புறம் புது காப்பிய ஆரம்பிங்க.